லாரி பெல்ட்டின் கீச்சொலியும் உத்திரமேரூர்க் கல்வெட்டும்: மாகறலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னாய்வுகள்

லாரி இன்ஜினின் பெல்ட் ஏன் கத்துகிறது என்று ஆராய்ந்த முன்னோர் இரு சாரார். பெல்ட்டை மாற்று என்பது ஒரு சாரார் கொள்கை. சோப்பைத் தடவு என்பது மறு சாரார் கொள்கை. இரு சாராரும் தங்கள் கொள்கையை டீக்கடை பெஞ்சில் நிலைநாட்டியதோடு சரி, எழுதி வைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

2. ஆய்வுக்களம்

களமாக மாகறலைக் கொண்டதற்கு மூன்று நியாயங்கள் உண்டு. ஒன்று, உத்திரமேரூர்ப் பக்கத்தில் கல்குவாரிக்கும் டிப்பருக்கும் பஞ்சமில்லை. ஆய்வுப் பொருள் தானே கத்திக்கொண்டு வரும். இரண்டு, செய்யாற்றங்கரையில் உள்ள இவ்வூர்க் கோயிலில் சிவன் உடும்பாக வந்தார் என்பது தலபுராணம்; லிங்கமும் உடும்பின் வால் வடிவில் இருக்கிறது. பெல்ட்டின் பிரச்சினையோ முழுக்க முழுக்கப் பிடிமானப் பிரச்சினை. பிடிமானத்தை ஆராய உடும்பின் ஊரை விட்டு வேறெங்கே போவது? மூன்றாவது நியாயம் உத்திரமேரூர்க் கல்வெட்டு. அது ஐந்தாம் பகுதியில் வரும்.

3. பிடியியல்

புல்லியைப் பெல்ட் எவ்வளவு கோணத்துக்குத் தழுவுகிறதோ, அதைப் பொறுத்துப் பிடி படிப்படியாக அல்ல, மடங்கு மடங்காக ஏறும். இது 18ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லரின் சூத்திரம். டென்வர் நகரத்து ஜான் கேட்ஸ் 1917இல் வி பெல்ட்டைக் கொண்டுவந்தார். தமக்கிடையே சுமார் 40 பாகைக் கோணமுள்ள அதன் இரு பக்கங்களும் புல்லியின் காடியில் ஆப்பு போல இறுகுவதால், தட்டைப் பெல்ட்டை விட ஏறத்தாழ 3 மடங்கு பிடி கிடைக்கிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். வி பெல்ட் பிடிப்பது பக்கங்களால்தான். காடியின் அடியை அது தொடவே கூடாது. அடி பளபளவென்று மின்னினால் பெல்ட் தேய்ந்து இறங்கிவிட்டது, அல்லது காடியின் சுவர் கரைந்துவிட்டது. குவாரித் தூசு இந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்யும். அடுத்து, சிறிய புல்லியில் தழுவல் குறைவு. அதனால்தான் டைனமோ புல்லியில் பெல்ட் முதலில் வழுக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பேட்டரி இழந்த சார்ஜை டைனமோ மீட்க முனைகிறது. அந்தச் சுமை தாங்காமல்தான் அந்த நேரத்துக் கத்தல்.

4. ஒலி வகைப்பாடு

நீளமாகக் “கீ...ச்” என்று இழுத்தால் தொய்வு, பெல்ட் வழுக்குகிறது. சிட்டுக்குருவி போல விட்டு விட்டுக் கத்தினால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. கரகரவென்றால் பேரிங். ஐயம் தீரத் தண்ணீர்ச் சோதனை உண்டு. இன்ஜின் ஓடும்போது, பல வரி (மல்டி ரிப்) பெல்ட்டாக இருந்தால் அதன் காடிப் பக்கத்தில் எட்ட நின்று கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒலி உடனே கூடினால் தொய்வு. சற்று அடங்கி மறுபடி வந்தால் நேர்கோட்டுப் பிழை. இந்தச் சோதனையில் ஆய்வாளரின் துண்டும் லுங்கியும் பெல்ட்டிலிருந்து பாதுகாப்பான தூரத்தில் இருப்பது ஆய்வு நெறிமுறையின் முதல் விதி.

5. கல்வெட்டுச் சான்று

பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்கு விதி சொல்கின்றன. வயது 35 முதல் 70 வரை என்பதை எல்லாரும் மேற்கோள் காட்டுவர். நமக்கு வேண்டியது வேறு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய மாமனார், மைத்துனர், மருமகன், அத்தை மக்கள், மாமன் மக்கள் வரை தகுதி இழப்பர். அதாவது, தப்பு ஒருவனிடம் தெரிந்தாலும் விசாரணை சுற்றத்தைத் தொட வேண்டும்.

பெல்ட்டின் சுற்றம் யார்? எல்லாருக்கும் படியளக்கும் கிராங்க் புல்லி மாமனார். வாட்டர் பம்ப் மைத்துனர். டைனமோ அத்தை மகன். டென்ஷனர் மருமகன், அவர் தளர்ந்தால் குடும்பமே தொங்கும். ஆனால் வழக்கம் என்ன? இத்தனை பேரையும் விட்டுவிட்டுப் பெல்ட்டை மட்டும் தண்டிக்கிறோம். களத்தில் கேட்ட உரையாடல்:

“போன வாரந்தாண்ணே புது பெல்ட் போட்டேன். மறுபடியும் கத்துதே!”

“பெல்ட் எங்கடா கத்துது? புல்லி கத்த வைக்குது.”

விசாரணை முறை இது: இன்ஜினை நிறுத்திச் சாவியைப் பையில் போடுக. பெல்ட்டைக் கழற்றி, கிராங்க் தவிர மற்ற ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுக. கரகரத்தாலும் ஆட்டம் இருந்தாலும் குற்றவாளி அகப்பட்டார். வாட்டர் பம்புக்குக் கீழே கசிவுத் தடம் இருந்தால் அது ஒப்புதல் வாக்குமூலம். புல்லி முகங்களில் நேரான சட்டத்தை வைத்தோ நூல் பிடித்தோ மட்டம் பார்க்க. ஆயில் ஒழுகும் இடத்தை அடைக்காமல் புது பெல்ட் போட்டால் அதுவும் ஊறிப் போகும். இரட்டைப் பெல்ட் வண்டியில் ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதே சுமை முழுவதையும் இழுத்துச் சீக்கிரம் சாகும். ஆகவே ஜோடியாக மாற்றுக. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளே நரம்பு அறும்.

6. மறுப்புரை

சோப்புச் சாரார் “தடவினதும் சத்தம் நின்னு போச்சே” என்பர். நின்றது உண்மை. சோப்பு பிடியைக் குறைக்கும் பொருள். கத்தாமல் வழுக்க அது உதவுகிறது. வாட்டர் பம்ப் சுற்றும் வேகம் குறையும், ரேடியேட்டர் கொதிக்கும், வண்டி லோடோடு நிற்கும். அப்போது கத்துவது ஓனர்.

“டைட்டாக இறுக்கு” என்னும் புதிய சாராரும் உண்டு. அளவுக்கு மேல் இறுக்கினால் பெல்ட் அமைதியாகும், டைனமோவிலும் பம்பிலும் பேரிங் போகும். பழைய வண்டியில் நீளமான இடைவெளியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல இறங்க வேண்டும். சரியான அளவுக்கு வண்டிக் கையேடே பிரமாணம். புது பெல்ட் சற்று ஓடியதும் இளகும், மறுபடி பார்த்து இறுக்குவது அவசியம்.

7. முடிவு

பெல்ட் குற்றவாளி அல்ல, சாட்சி. சாட்சியை மாற்றினால் வழக்கு தீராது. ஆகவே டிரைவர், ஓனர், மேஸ்திரி அனைவருக்கும் இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே: புது பெல்ட்டுக்குக் காசு எடுக்கும் முன், பழைய புல்லியை ஒரு தடவை கையால் சுற்றிப் பாருங்கள். அதற்குச் செலவு ஏதும் இல்லை.