நாலுக்கு மூணுக்காரர்

புது டிவி வாங்கிய வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் விலையைக் கேட்பார்கள். இவர் ரிமோட்டைக் கேட்பார்.

"மாப்ளே, ஆளுங்க எல்லாம் மூணுல ஒரு பங்கு கூடுதலாப் பருத்துத் தெரியறாங்க. எப்படித்தான் பார்க்கறீங்களோ!"

கணக்கு சரிதான். பழைய தொடர்களின் படம் 4:3, இன்றைய திரை 16:9. திரையை நிரப்ப இழுத்தால் ஆள் பருப்பார்; ஜூம் போட்டால் மேலும் கீழுமாகப் படத்தில் கால் பங்கு போய்விடும். இவருக்கு இரண்டுமே பாவம். நடுவே படம், இரு ஓரமும் கறுப்புப் பட்டை, அதுதான் தர்மம்.

"மச்சான், காசு கொடுத்து வாங்கின திரையில கால் பங்கு இருட்டாவா கிடக்கணும்?"

வந்தது வினை. வழக்குக் கட்டு பிரியும்.

2019 நவம்பரில் 'தி சிம்ப்சன்ஸ்' டிஸ்னி பிளஸ்ஸில் வந்தபோது பழைய எபிசோடுகளை 16:9க்கு வெட்டியிருந்தார்கள். அதில் ஒரு பீர் ஆலைக் காட்சி. டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று தொட்டிகள். மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்து ஒரே சரக்கு. ஜோக்கே அந்தக் குழாய்தான். கத்தரியில் அது போய், தொட்டிகள் மட்டும் மிஞ்சின. ரசிகர்கள் கூச்சல் போட்டு, 2020 மே மாதம் 4:3ஐயும் வாங்கிவிட்டார்கள். அன்று இவர் வீட்டில் பாயசம்.

அடுத்தது 2021இல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த 'சைன்ஃபெல்ட்'. சாலைக் குழியைப் பற்றிய எபிசோடில் ஜார்ஜ் குனிந்து பார்க்கிறான், குழியைக் காணோம். கிணற்றைத் தேடிய வடிவேலுவுக்கு அடுத்தபடி இவ்வளவு நியாயமான புகார் வேறில்லை.

"ஓரத்துல படம் கூடக் கிடைச்சா லாபம்தானே?" என்று கேட்டுவிடக் கூடாது. 'ஃபிரெண்ட்ஸ்', 'பஃபி' எல்லாம் ஃபிலிமில் எடுத்தவை. நெகட்டிவின் ஓரம் வீட்டு டிவியில் தெரியாது என்ற தைரியத்தில் விளக்கும் ஆளும் அங்கே நின்றார்கள். பின்னாளில் அகலமாக்கியபோது அவர்களும் நடிகர்களாகிவிட்டார்கள். ஒரு காட்சியில் மோனிகா உட்கார வேண்டிய இடத்தில் யாரோ ஒரு பெண்!

இவரை மடக்க ஒரே வழி 'தி வயர்'. 4:3இல் எடுத்த அந்தத் தொடரை எச்பிஓ 2014இல் அகலமாக்கியது. படைப்பாளி டேவிட் சைமனே, சில காட்சிகள் கெட்டன, சில தேறின என்று எழுதினார். அந்தத் 'தேறின'வைப் பற்றிக் கேட்டால், காப்பி ஆறுகிறது என்று எழுந்துவிடுவார்.