மாமா கேட்ட மைலேஜ் கணக்கு

துபாய், அல் கூஸ்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் நீளமான வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவ்வளவு நீளத்தில் என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, சாப்பாட்டைப் பற்றியும் இல்லை. "அந்த வெள்ள வண்டி லிட்டருக்கு எவ்வளவுடா குடுக்குது?" என்பதையே மூன்று விதமாகக் கேட்டிருந்தீர்கள். பின்னால் அத்தை, "அது கெடக்கட்டும், எப்ப வாங்கினான்னு கேளுங்க" என்றதும் தெளிவாகக் கேட்டது.

முதலில் அத்தைக்கு. வாங்கவில்லை. நான் அனுப்பிய போட்டோவில் சாய்ந்து நிற்பது கம்பெனி வண்டி, நிஸான் பேட்ரோல். சாய்வதற்கு இங்கே இன்னும் கட்டணம் போடவில்லை, அதனால் சாய்ந்தேன். பாலைவன சஃபாரிக்குப் போகும் வண்டிகளின் பெட்ரோல் கணக்கை எழுதுகிறவன் நான். ஓட்ட லைசென்ஸ்கூட இல்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அத்தை இதற்குள் சன்னதித் தெருவில் சொல்லி முடித்திருப்பார், எழுத்தில் ஒரு மறுப்பு இருக்கட்டும்.

இனி உங்கள் கேள்வி. தறியை நிறுத்திவிட்டுப் படியுங்கள். ரோட்டில் ஏழு.

ஆமாம், ஏழுதான். எட்டு சிலிண்டர், 5.6 லிட்டர் எஞ்சின், 400 குதிரை சக்தி. நூறு கிலோமீட்டருக்கு 14.4 லிட்டர் என்பது அந்த எஞ்சினுக்கு ஆஸ்திரேலியாவில் கொடுத்திருக்கும் கணக்கு. டீக்கடையில் பதினாலு என்று சொல்லிவிடாதீர்கள் மாமா, அது குடிக்கிற கணக்கு, குடுக்கிற கணக்கு இல்லை. உங்கள் எக்ஸெல் மொபெட் நாற்பத்தைந்துக்கு இறங்கினாலே வாலாஜாபாத் மெக்கானிக் கடையில் போய் உட்கார்ந்துகொள்வீர்கள். இந்த வண்டியின் டேங்க் 140 லிட்டர். நம்மூரில் நிரப்பிக்கொண்டு கன்னியாகுமரி போய்த் திரும்பினால் துவரங்குறிச்சி பக்கம் நின்றுவிடும்.

இதெல்லாம் தார் ரோட்டுக் கதை. ஹத்தா ரோட்டில் அல் பதாயர் என்ற இடத்தில் சிவப்பு மணல் மேடு இருக்கிறது. அங்கே போனதும் டயரில் முப்பத்தைந்து பி.எஸ்.ஐ. இருந்த காற்றைப் பதினைந்துக்கு இறக்குவார்கள். காற்று குறைந்தால் டயர் பரந்து மணலில் புதையாமல் போகும். ஆனால் பாலாற்று மணலில் சைக்கிளைத் தள்ளினவர்களுக்குத் தெரியும், மணல் சும்மா விடாது. ஏழு மூன்றாகும், ஏறும்போது இரண்டாகும். இதை எனக்குச் சொல்வது ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திரை.

அந்தத் திரையால்தான் என் தூக்கம் போயிற்று. வண்டி வந்து நின்றதும் அதில் தெரியும் எண்ணை நான் மொபைலில் படமெடுத்து எக்செல்லில் ஏற்ற வேண்டும். (உங்கள் எக்ஸெல் வேறு.) ஆகஸ்ட் மாதம், வெளியே நாற்பத்தைந்து டிகிரி. டூரிஸ்டுகள் டீ குடித்து முடிக்கும் வரை டிரைவர் ஏசியை நிறுத்த மாட்டார். நின்ற இடத்திலேயே பெட்ரோல் போய்க்கொண்டிருக்கும். அப்படி நிற்கும்போது ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? பூஜ்யம் போட்டேன். கிலோமீட்டருக்கு என்ன செலவு என்ற அடுத்த கட்டத்தில் கம்ப்யூட்டர் பூஜ்யத்தால் வகுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து வரிசை முழுவதும் பிழை காட்டியது. மேனேஜர் யோசித்து ஒரு சட்டம் போட்டார்: படமெடுக்கும் முன் வண்டி பத்தடியாவது நகர்ந்திருக்க வேண்டும்.

அன்று முதல் சாயங்காலமானால் எங்கள் வண்டிகள் எல்லாம் வரிசையாகப் பத்தடி முன்னே போய்ப் பத்தடி பின்னே வருகின்றன. இரண்டே முக்கால் டன் எடை உறுமிக்கொண்டு நகர்வதும், நான் பக்கத்திலேயே மொபைலோடு ஓடுவதும் பார்க்க வேண்டிய காட்சி. பெஷாவர்க்கார டிரைவர் ஒருவர் இதற்கு நான்தான் காரணம் என்று நினைத்து சலாம் சொல்வதை நிறுத்திவிட்டார். ஒரு பிரெஞ்சுப் பாட்டி இதுதான் சஃபாரியின் தொடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார். பிறகு மேனேஜர் பத்தடி போதாது, இருபதடி என்றார். இருபதடிக்கு இடமில்லை, சுவர் இருக்கிறது. அதனால் வண்டிகள் இப்போது சுவர் வரை போய், மூக்கை முட்டாமல் நின்று, அங்கிருந்து கணக்குக் கொடுக்கின்றன. நகர்த்துவதற்குச் செலவாகும் பெட்ரோலுக்குத் தனிக் கட்டம் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

இன்னொன்று, 120 வேகத்தைத் தாண்டினால் வண்டியே டிங் டிங் என்று கண்டிக்கும், அத்தை பின் சீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி.

"எண்ணெய்க் கிணத்துக்குப் பக்கத்துலயே இருக்கீங்க, பெட்ரோல் சும்மாதானே" என்றீர்கள். அது பழைய கதை. 2015 ஜூலை வரை ஸ்பெஷல் 95 லிட்டர் 1.72 திர்ஹாமில் அசையாமல் நின்றது. ஆகஸ்டில் அரசு கையை எடுத்தது. அதன்பின் மாதா மாதம் புது விலை. 2022 ஜூலையில் 4.52 வரை ஏறியது. அந்த விலையில் ஒரு டேங்க் நிரப்ப அறுநூற்று முப்பது திர்ஹாம்! 2025 ஜனவரியில் 2.50-க்கு வந்தது. நம் காசில் அறுபது ரூபாய்க்குள், சென்னையில் நூற்றைத் தாண்டி இருந்த சமயம். விலை ஏறப்போகிறது என்று தெரிந்தால் மாதக் கடைசி ராத்திரி பங்க்கில் வரிசை நிற்கும். லிட்டருக்குப் பத்துக் காசு மிச்சம் பிடிக்க எட்டு சிலிண்டரையும் ஏசியையும் ஓடவிட்டு அரைமணி நேரம் நிற்கிறார்கள். மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அங்கேயே ஆவியாகிவிடும். இதை நான் கணக்குப் போட்டே காட்டினேன், யாரும் ரசிக்கவில்லை.

மற்ற செலவுகள்: என்ஜின் ஆயில் ஒரு தடவைக்கு ஆறரை லிட்டர். டயர் தேயாவிட்டாலும் தயாரித்து ஐந்து வருடமாகிவிட்டால் பதிவைப் புதுப்பிக்கும்போது மாற்றியாக வேண்டும். சாலிக் என்ற டோல் 2007-ல் நாலு திர்ஹாமில் ஆரம்பித்தது, 2025 ஜனவரி கடைசியிலிருந்து நெரிசல் நேரத்தில் ஆறு. ஏர் ஃபில்டரைத் தட்டினால் விழும் மணலில் நம் வீட்டுத் திண்ணையைப் பூசிவிடலாம்.

நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், அங்கே இப்படி ஒரு வண்டி வாங்க நினைக்கவே வேண்டாம். இதே ரகத்து லேண்ட் க்ரூஸர் 300 இந்தியாவில் இரண்டு கோடிக்கு மேல். இருபது லட்சத்தைத் தாண்டின வண்டிக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி 20 சதவீதம். வரியே நாற்பது லட்சம் வருகிறது. அதில் எத்தனை தறி போடலாம் என்று நீங்கள் மனசுக்குள் எண்ண ஆரம்பித்திருப்பீர்கள்.

இந்த ஊரில் மைலேஜ் கேட்கிற ஒரே ஆள் நான்தான் மாமா. பட்டையும் ஜரிகையையும் எடை போட்டு வாங்கி, புடவையையும் எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கிற வீட்டில் வளர்ந்தால் வேறென்ன வரும்? நம் பெருமாள் கோயில் சுவரே கணக்குத்தானே. வீரராஜேந்திர சோழன் காலத்தில் 15 படுக்கையோடு ஆதுலர் சாலை என்ற மருத்துவமனை நடத்தினார்கள். வைத்தியருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், மருந்து கொண்டுவருகிறவருக்கு இவ்வளவு, தண்ணீர் கொண்டுவருகிறவருக்கு இவ்வளவு என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். மேனேஜரிடம் பெருமையாகச் சொன்னேன். கல்வெட்டில் பூஜ்யத்தால் வகுக்கும் பிரச்சினை வந்ததா என்று கேட்டார்.

பார்வேட்டைத் திருவிழாவுக்கு வர முடியுமா என்று தெரியவில்லை. ஜனவரி டிக்கெட் விலையைத் தினமும் பார்க்கிறேன், பார்ப்பதோடு சரி. காஞ்சியிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் வரதரைத் தோளில் சுமந்து வருகிறார்களே, ஸ்ரீபாதம் தாங்கிகள், அவர்கள் ஓடுவது புளியோதரையில். பழையசீவரம் நரசிம்மரும் மற்றப் பெருமாள்களும் சேர்ந்து அஞ்சு பேராக நம் கோயிலில் நிற்கும்போது கூட்டத்தில் என் காலை யாராவது மிதிப்பார்கள். இங்கே யாரும் யார் காலையும் மிதிப்பதில்லை. எல்லோரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏசியில் போகிறார்கள். சில வெள்ளிக்கிழமைகளில் இது தாங்கவில்லை.

ஒரு விஷயம் காதில் விழுந்தது. பார்வேட்டை அன்றைய பிரசாத உபயத்துக்கு என் பெயரை அத்தை கொடுத்திருக்கிறாராம். அந்தப் போட்டோவைக் காட்டித்தான் கொடுத்தார் என்றும் கேள்வி. கொடுக்கலாம், நானே கேட்டு வாங்க வேண்டிய பேறு. ஆனால் மாமா, நோட்டில் என் பெயருக்கு எதிரே எழுதியிருக்கும் தொகை வண்டிக்காரன் என்று நினைத்துப் போட்டதா, வண்டிக் கணக்குப்பிள்ளைக்குப் போட்டதா? பார்த்து உடனே தெரிவிக்கவும். மை காய்வதற்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்