ஙர்ஷினி

மதுரை வில்லாபுரம் ஹவுசிங் போர்டு வீடு ஒன்றில் மூன்றாவதாகப் பிறந்த பெண் குழந்தை இன்னும் பெயரில்லாமல் தொட்டிலில் கிடக்கிறது. உலகத்தில் பெயருக்குப் பஞ்சமில்லை. மூத்தவன் தர்ஷன், அடுத்தவள் தர்ஷிகா என்பதால் மூன்றாவதும் அதே அச்சில் விழ வேண்டும் என்பதுதான் சிக்கல். கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை ஃப்ளெக்ஸ் கடைக்காரர். எதிரே நாற்காலியில் இருக்கும் மாமனார், மாநகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவர். பெயர் என்பது ஒருவருக்குப் பேனரில் வரும் வரி, மற்றவருக்குச் சான்றிதழில் வரும் வரி. இருவரும் கற்பனை ஆட்கள்தான். ஆனால் இந்தப் பேச்சு தெருவுக்கு நாலு வீட்டில் நடக்கிறது.

மாப்பிள்ளை: தர்ஷினின்னு வைக்கலாம்னா எங்க அண்ணன் மகளுக்கு வச்சிட்டாய்ங்க மாமா. தர்ஷிதா பக்கத்து வீட்டுப் பிள்ளை. 'தர்'ல வேற எதுவும் சிக்க மாட்டேங்குது.

மாமனார்: தர்பூசணி இருக்கே மாப்ள. வெயில் காலத்துல பொறந்த பிள்ளை.

மாப்பிள்ளை: விளையாடாதீங்க மாமா. விசேஷத்துக்குப் பத்துக்கு ஆறு ஃப்ளெக்ஸ் போடணும். மூணு பேரும் வரிசையா நின்னாத்தான் பார்க்க லட்சணம். அதை விடுங்க, பேரைக் கேட்டாலே ஒரு வீட்டுப் பிள்ளைகன்னு தெரியணும்ல? பேரு ஒட்டுனா கூடப்பொறந்ததுகளும் ஒட்டும்.

மாமனார்: அப்படி ஒட்டுன குடும்பம் ஒண்ணு மகாபாரதத்துல இருக்கு. துரியோதனன், துச்சாதனன், துன்முகன்னு 'து'வா அடுக்கினாய்ங்க. நூறு ஆம்பளப் பிள்ளைக்கு ஒரே ஒரு தங்கச்சி. அதுக்கும் அண்ணன்மார் பேரோட இசையணும்னு துச்சலை. கதை கேட்டவங்கள்ல எத்தனை பேருக்கு அந்தப் பிள்ளையத் தெரியும்? நூறு பேருக்குத் தங்கச்சி, ஜெயத்ரதனுக்குப் பொண்டாட்டி, அம்புட்டுத்தான். அந்தப் பக்கம் பாருங்க, தருமன், வீமன், அருச்சுனன், ஒண்ணுக்கொண்ணு ஒட்டல. அஞ்சு பேரும் ஒரே வீடா நின்னாங்க. அம்புட்டுத் தூரம் எதுக்கு? சித்திரையில அழகர் மலையை விட்டு எறங்கி வர்றது தங்கச்சி கல்யாணத்துக்குன்னுதான நம்ம ஊரே சொல்லுது. அண்ணன் அழகர், தங்கச்சி மீனாட்சி. எந்த எழுத்து ஒட்டுது? அதுக்காக ஊரு அவங்களை அண்ணன் தங்கச்சி இல்லைன்னா சொல்லிருச்சு?

மாப்பிள்ளை: அந்த நூறு பேரும் கடைசி வரைக்கும் ஒத்துமையாத்தான மாமா செத்தாய்ங்க?

மாமனார்: செத்தாய்ங்க. ஆனா சபையில எந்திரிச்சு திரௌபதிக்காக நியாயம் பேசுனவன் ஒருத்தன். அவன் பேரு விகர்ணன். 'து'வுல சேராத பய.

மாப்பிள்ளை: சரி, புராணத்தை விடுங்க. பெரியவனுக்கு நாங்களா 'த' போடல. சுவாதி நட்சத்திரம், ஜோசியர் குடுத்த எழுத்து.

மாமனார்: பாப்பாவுக்கு என்ன நட்சத்திரம்?

மாப்பிள்ளை: திருவாதிரை. கு, க, ங, ச.

மாமனார்: அப்ப மூத்தவனுக்கு அவனோட நட்சத்திரம். சின்னவளுக்கும் மூத்தவனோட நட்சத்திரம். ஜோசியத்தையும் விட மாட்டேன், ஃப்ளெக்ஸையும் விட மாட்டேன்னா வழி ஒண்ணுதான் இருக்கு. ஙர்ஷினின்னு வைங்க. ஸ்கூல்ல இன்னொரு பிள்ளைக்கு அந்தப் பேரு வராதுன்னு எழுதியே தர்றேன்.

மாப்பிள்ளை: கேலி பண்றீங்க. நம்ம பெரியவங்க மட்டும் என்ன செஞ்சாங்க? பாண்டியராஜன், பாண்டிச்செல்வி, பாண்டியம்மான்னு ஒரு வீட்டுலயே நாலு பாண்டி. முத்துக்குமார், முத்துலட்சுமி, முத்துச்செல்வின்னு மாலை மாதிரி கோத்தாங்க. சிவகங்கையில அண்ணன் பெரிய மருது, தம்பி சின்ன மருது. அவங்க செஞ்சா மரபு, நான் செஞ்சா ஃப்ளெக்ஸா?

இதற்குப் பதில் சொல்லாமல் நழுவ முடியாது. பெயர்ப் பொருத்தம் நேற்று வந்த நாகரிகம் இல்லை. மாப்பிள்ளை எடுத்து வைத்தது உண்மையான சான்று. மாமனாரும் கொஞ்சம் யோசித்துத்தான் வாயைத் திறக்கிறார்.

மாமனார்: நியாயந்தான். ஆனா அந்த நாலு பாண்டியும் மூத்தவனைப் பார்த்து வச்சதில்ல மாப்ள. மேலமடை பாண்டிகோயில்ல நேர்ந்துக்கிட்டு வச்சது. முத்து தாத்தா பேரா இருக்கும், இல்லைன்னா குலசாமி. அண்ணனும் தங்கச்சியும் தங்களுக்கு மேல இருக்கிற ஒருத்தர்கிட்ட இருந்து ஆளுக்குச் சமமா வாங்கிக்கிட்டாங்க. அதுல மூத்தது முதலாளியும் இல்ல, இளையது வேலையாளும் இல்ல. உங்க வீட்டுல அப்படியா? தர்ஷன் நீங்களா ஆசைப்பட்டு எடுத்த பேரு. தர்ஷிகா அதோட நிழல். மூணாவது நிழலோட நிழல். அந்தப் பிள்ளை எப்படி இருக்கு, அது பொறந்தப்ப வீட்டுல என்ன நினைச்சோம்னு அந்தப் பேருல ஒரு எழுத்து இல்ல. எத்தனாவதுங்கிறது மட்டும் இருக்கு. எத்தனாவதுன்னு சொல்றதுக்கே பொம்பளப் பிள்ளைக்குப் பேரு வச்ச வழக்கம் நம்ம பக்கம் உண்டு. போதும்பொண்ணு. உசிலம்பட்டி, தேனிப் பக்கம் கேளுங்க, இன்னைக்கும் நூறு நாள் வேலைக்குப் போறவங்கள்ல ஒரு போதும்பொண்ணு இருப்பாங்க. திருத்தணிப் பக்கம் ஒரு கிராமத்துல வேண்டாம்னே வச்சிருக்காங்க. அடுத்ததாவது பையனாப் பொறக்கட்டும்னு. அந்தப் பேரு கூப்பிடறது அந்தப் பிள்ளைய இல்ல. இன்னும் பொறக்காத தம்பிய.

மாப்பிள்ளை: மாமா, இது அபாண்டம். அது வெறுப்புல வச்ச பேரு. நாங்க ஆசையாத் தேடுறோம், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும்.

மாமனார்: மனசு வேறதான், நான் மறுக்கல. உங்களையும் அந்த அப்பனையும் ஒரே தட்டுல வைக்கல. ஆனா பிள்ளை கையில குடுக்கிற பொருளைப் பாருங்க. அவன் பின்னால வரப்போறதைப் பார்த்து வச்சான், நீங்க முன்னால வந்ததைப் பார்த்து வைக்கிறீங்க. ரெண்டு பேருமே தொட்டிலைப் பார்க்கல. இன்னொண்ணு, நான் கவுண்டர்ல உட்கார்ந்தவன், சொல்றேன். ஒரு வீடுன்னு காட்டத்தான் நம்ம ஊருல இனிஷியல் இருக்கு. மூணு பேருக்கும் ஒரே இனிஷியல். அதுக்கு மேல பேரும் ஒண்ணு போல இருந்தா ர. தர்ஷிகா, ர. தர்ஷினி. ஒரே அப்பா, ஒரே முகவரி. ஸ்காலர்ஷிப்புல இருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் அக்கா தாள்ல தங்கச்சி பேரு ஏறும். திருத்தறதுக்கு நடையா நடப்பீங்க. 2023 அக்டோபர் 1ல இருந்து பொறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துல இருந்து லைசென்ஸ் வரைக்கும் பிறந்த தேதிக்குப் பொறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்னு ஆக்கிட்டாங்க. அதுல ஏறுறது ஃப்ளெக்ஸ் மாதிரி மறுநாள் கழட்டுற சமாச்சாரமில்ல.

மாப்பிள்ளை: தனியா ஒரு பேரு வச்சா அது மட்டும் ஒட்டாம நிக்குமே மாமா. பிள்ளை நாளைக்கு, என்னைய மட்டும் ஏன் ஒதுக்குனீங்கன்னு கேட்டா?

மாமனார்: இதே வில்லாபுரத்துல தண்ணிக்காகப் போராடுன கவுன்சிலரை 1997ல வெட்டிக் கொன்னாய்ங்க. லீலாவதின்னா இன்னைக்கும் இங்க யாருன்னு சொல்லத் தேவையில்ல. அவங்க கூடப்பொறந்தவங்க பேரோட அது இசையுதான்னு யாராச்சும் கேட்டோமா? வச்சிருக்கிற ஆள் வாழ்ந்துதான் பேருக்குக் கனம் ஏறும். ஒதுக்குறதுன்னு சொன்னீங்க. வீட்டுல மூத்தவனை என்னன்னு கூப்பிடறீங்க?

மாப்பிள்ளை: தம்பின்னு.

மாமனார்: தர்ஷிகாவை?

மாப்பிள்ளை: அம்மு.

மாமனார்: ஆக, நீங்க தேடித் தேடிப் பொருத்துன பேரை வீட்டுல ஒருத்தரும் வாயால சொல்றதில்ல. ஃப்ளெக்ஸ் மட்டும் சொல்லுது. நான் ஒரு யோசனை சொல்றேன். 1969 சட்டப்படி 21 நாளுக்குள்ள பதிய வேண்டியது பொறப்பைத்தான், பேரை இல்ல. பதிஞ்சதுல இருந்து 12 மாசம் வரைக்கும் பேரைக் கட்டணமில்லாமச் சேர்க்கலாம். தாமதக் கட்டணம் கட்டுனா 15 வருஷம் வரைக்கும். அந்த இடத்தைக் காலியா விடுங்க. இங்க பக்கத்துல விளாச்சேரியில 1870ல பொறந்த சூரியநாராயண சாஸ்திரி, பரிதிமாற் கலைஞர்னு தனக்குத் தானே பேர் வச்சுக்கிட்டவரு. ஊரு அந்தப் பேரைத்தான் வச்சிருக்கு. நம்ம பிள்ளையும் வளர்ந்து பார்த்துக்கட்டும்.

மாப்பிள்ளை: அஞ்சு வயசுல ஸ்கூல்ல சேர்க்கணுமே மாமா?

மாமனார்: அப்ப அஞ்சு வருஷம். அதுக்குள்ள பிள்ளை எப்படின்னு ஓரளவு தெரிஞ்சிரும்ல.

மாப்பிள்ளை: அந்தத் தாமதக் கட்டணத்தை யாரு கட்டுறது?

மாமனார்: நான் கட்டுறேன் மாப்ள. நீங்க ஃப்ளெக்ஸ் காசை மிச்சம் பிடிங்க.