அரூர் வட்டார இல்லக் கணினிகளில் ‘ரெஃப்ரெஷ்’ கொடுக்கும் வழக்கம்: ஓர் ஆய்வு

அரூர் வட்டாரத்தில் வீட்டுக் கணினியை ஆன் செய்தவர் எவரும் திரை வந்த கையோடு வேலையைத் தொடங்குவதில்லை. முதலில் காலியிடம் பார்த்து மவுஸின் வலப் பொத்தானை அழுத்துகிறார். விரியும் பட்டியலில் ‘ரெஃப்ரெஷ்’ கொடுக்கிறார். ஐகான்கள் ஒருமுறை மறைந்து தோன்றுகின்றன. திரும்பவும் கொடுக்கிறார். மூன்றாவதோ நான்காவதோ கொடுத்த பின் அவர் முகத்தில் ஒரு தெளிவு வருகிறது. அதன் பிறகே டிஎன்பிஎஸ்சி விண்ணப்பமோ பட்டா சிட்டாவோ திறக்கப்படுகிறது. தேர்ந்த கைகள் பட்டியலுக்கே போவதில்லை. எஃப்5 விசையை விடாமல் தட்டுகின்றன.

இவ்வழக்கம் இந்தியா முழுவதும் உண்டு. ஆனால் ஆய்வேடு என்றால் ஆய்வு எல்லை என்று ஒரு பக்கம் இருந்தாக வேண்டும். ஆகவே பத்திரம் எழுதும் முறைப்படி நான்கெல்லையும் குறிக்கப்படுகிறது: வடக்கே ஊத்தங்கரை போகும் சாலை, கிழக்கே தீர்த்தமலை, தெற்கே சித்தேரி மலை, மேற்கே மொரப்பூர் ரயில் நிலையம். இதற்குட்பட்ட மேசைக் கணினிகளும், பேட்டரி செத்து மேசைக் கணினி ஆகிவிட்ட மடிக்கணினிகளும் ஆய்வுப் பொருள். அலைபேசி விலக்கப்பட்டுள்ளது, காரணம் பின்னால் வரும்.

தரவு திரட்டிய முறை எளிது. எந்த உறவினர் வீட்டுக்குப் போனாலும், “உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, இத கொஞ்சம் பாரேன்” என்று இவ்வாய்வாளர் அதன் முன் உட்கார வைக்கப்படுகிறார். காபி உண்டு, உதவித்தொகை கிடையாது.

கருதுகோள் இது: ரெஃப்ரெஷ் கணினியை வேகப்படுத்தாது; ஆயினும் அதைக் கொடுப்பவர் விவரம் தெரியாதவர் அல்லர்.

முதல் பாதியை நிறுவுவது சுலபம். டெஸ்க்டாப் என்பது சி டிரைவில் கிடக்கும் ஒரு ஃபோல்டர். அதில் என்னென்ன இருக்கின்றன என்று இன்னொருமுறை படித்து, ஐகான்களை இன்னொருமுறை வரைவதுதான் ரெஃப்ரெஷின் உத்தியோகம். பென் டிரைவிலிருந்து இட்ட கோப்பு கண்ணில் படாமல் அடம் பிடித்தால் பட வைக்கும். ராமைக் காலி செய்யாது, ஓடுகிற எதையும் நிறுத்தாது, வைரஸைத் துரத்தாது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலும் இதுதான், இன்றும் இதுதான்.

பிற மரபுகள்

ஸ்லோவுக்கு மருந்து சொல்வோர் இங்கே பல மரபினர். ரன் பெட்டியில் டெம்ப் என்று அடித்து, வருவதையெல்லாம் வாரி அழிப்பது ஒரு மரபு. “எவ்ளோ குப்பை பாருங்க சார்” என்று காட்டுவதில் இவர்களுக்கு ஒரு பெருமை. கொஞ்சம் இடம் மிஞ்சும். வேகத்துக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை.

சிபியு பெட்டியைப் படுக்கப் போட்டு, ராமை உருவி, பள்ளிக்கூடப் பிள்ளையின் ரப்பரால் அதன் பொன்னிற விளிம்பைத் தேய்ப்பது இரண்டாவது மரபு. இதை இளக்காரமாகப் பேச முடியாது. கணினி திரையே காட்டாமல் ‘பீப் பீப்’ என்று கத்தும்போது பலமுறை காப்பாற்றியிருப்பது இந்த ரப்பர்தான். ஆனால் ஆன் ஆகி மெதுவாக ஓடும் கணினிக்கு இதனால் பயனில்லை. இணைப்பில் அழுக்கேறினால் ராம் மெதுவாக வேலை செய்யாது. வேலையே செய்யாது, அல்லது பாதியில் நின்றுபோகும்.

எதற்கெடுத்தாலும் “ஃபார்மட் அடிச்சிடலாம்ணா” என்பது மூன்றாவது மரபு. கொஞ்ச நாளைக்குக் கணினி புதிது போல ஓடும். கல்யாண ஆல்பம் போயிருக்கும்.

நான்காமவர் எஃபெக்ட் எடுப்பவர். ஜன்னல் மினிமைஸ் ஆகும்போது வழுக்கிக்கொண்டு போவது, மெனு மங்கித் தெளிவது, மவுஸ் அம்புக்கு நிழல் விழுவது ஆகிய அலங்காரங்கள்தான் கணினியைத் தின்கின்றன என்பது இவர் கட்சி. இவரை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அலங்காரத்தின் வரலாறு

எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று வெளிவந்தது. நீல நிறப் பட்டை, பச்சை ஸ்டார்ட் பொத்தான், கலிஃபோர்னியாவில் சார்லஸ் ஓ’ரியர் எடுத்த பச்சை மேட்டின் படம் ஆகியவற்றோடு அது அரூர் வரை வந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு ஜன்னலும் திரையில் தன் இடத்தைத் தானே நேரடியாக வரைந்துகொண்டது. ஹேங் ஆன ஜன்னலின் மேல் இன்னொன்றைப் பிடித்து இழுத்தால், வரைய ஆளில்லாமல் வால் வாலாகத் தடம் விழும். அத்தடத்தைக் கொண்டே திரை முழுக்க ஓவியம் தீட்டிய தலைமுறை ஒன்று இங்கே இருந்தது; இன்று அவர்களில் சிலர் அரசு ஊழியர்கள்.

2006இல் லினக்ஸ் பக்கம் காம்பிஸ் வந்தது. நோவெல் நிறுவனத்தில் டேவிட் ரெவ்மேன் எழுதியது. ஜன்னலைப் பிடித்து ஆட்டினால் குலுங்கும்; நான்கு டெஸ்க்டாப்புகளும் ஒரு கனசதுரத்தின் நான்கு முகங்களாகச் சுழலும். மறு ஆண்டு விண்டோஸ் விஸ்டாவின் ஏரோ, ஜன்னல் ஓரங்களைக் கண்ணாடியாக்கியது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: ஜன்னல்கள் திரையில் நேரடியாக வரைவதில்லை. தனித்தனியாக நினைவகத்தில் வரைந்து வைக்கின்றன; கிராஃபிக்ஸ் சிப் அவற்றை அடுக்கி ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்புகிறது. வால் தடம் இதனால்தான் ஒழிந்தது.

கண்ணாடி எல்லா வீட்டுக்கும் எட்டவில்லை. ‘விஸ்டா ஓடும்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற கணினிகளில் ஏரோ ஓடாததால் 2007இல் அமெரிக்காவின் சியாட்டில் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. அரூரில் ஸ்டிக்கரை நம்பி யாரும் வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை. இங்கே பெரும்பாலும் சேலத்திலோ தர்மபுரியிலோ அசெம்பிள் செய்த பெட்டிகள். ஒட்ட ஸ்டிக்கர் கிடையாது.

பிறகு 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். வீட்டில் கணினி என்பதே அதுவரை இல்லாத குடும்பங்களுக்கு அது முதல் கணினி. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அத்திட்டத்தின் கணினிகளில் வந்தது. மாணவர் படிப்பு முடித்து ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போனார். மடிக்கணினி வீட்டில் தங்கிவிட்டது. சார்ஜர் பிடுங்கினால் அணைந்துவிடும் அக்கணினிகளே இன்று இவ்வட்டாரத்தின் முதுபெரும் கணினிகள்.

விண்டோஸ் 7 கொஞ்சம் கருணை உள்ளது. தன்னால் முடியாதபோது, ‘மெதுவாக ஓடுகிறது, வண்ணத் திட்டத்தை மாற்றி எளிமையாக்கட்டுமா’ என்று தானே கேட்டது. மூன்று விடைகள் தந்தது: மாற்று; இப்படியே இருக்கட்டும், பிறகு கேள்; இப்படியே இருக்கட்டும், இனிமேல் இதைக் கேட்காதே. நம்மவர்கள் மூன்றாவதையே அழுத்தினார்கள். கண்ணாடி வந்த வீட்டில் கண்ணாடியைக் கழற்ற யாருக்கு மனம் வரும்?

குற்றவாளி யார்

கணக்குப் போடலாம். சாதாரண மடிக்கணினித் திரையில் 1366 பெருக்கல் 768, அதாவது 10,49,088 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 42 லட்சம் பைட். வினாடிக்கு 60 படம்: சுமார் 25 கோடி பைட். ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவினாடி. கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிடிஆர்3-1333 வகை ராம் ஒரு குச்சி, வினாடிக்கு 1,060 கோடி பைட் வரை தரவல்லது. அடுக்குவதற்கு நான்கைந்து மடங்கு ஆகும் என்று வைத்துக்கொண்டாலும் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வருகிறது. மிகப் பழைய கிராஃபிக்ஸ் சிப் என்றால் திணறும். மற்றபடி அலங்காரம் நிரபராதி.

உண்மைக் குற்றவாளி பெட்டிக்குள் சுழன்றுகொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஹார்டு டிஸ்க், ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய தகவல் தலைக்குக் கீழே வர சராசரி அரைச் சுற்று. தலை நகர்ந்து போக அதைவிடக் கூடுதல் நேரம். ஆக, தட்டில் ஆங்காங்கே சிதறிக் கிடப்பவற்றைத் தேடினால் வினாடிக்கு நூறு இடங்களைக்கூட அது எட்டாது. சுழலாத எஸ்எஸ்டி, ஆயிரக்கணக்கில் எட்டுகிறது. 2 ஜிபி ராமில் குரோமைத் திறந்து பத்து டேப் போட்டால், இடம் போதாமல் விண்டோஸ் பாதியை ஹார்டு டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கேட்கும்போதெல்லாம் போய் எடுத்து வருகிறது. ஜன்னல் வழுக்காமல் நின்று நின்று போவது, வழுக்கத் தெரியாததால் அல்ல. எடுக்கப் போன ஆள் இன்னும் வரவில்லை.

விண்டோஸ் 7 இதை மறைமுகமாக ஒப்புக்கொண்டிருக்கிறது. அது கணினிக்கு ஐந்து பாடங்களில் மதிப்பெண் போட்டது: பிராசசர், ராம், கிராஃபிக்ஸ், கேம் கிராஃபிக்ஸ், ஹார்டு டிஸ்க். உச்சம் 7.9; ஐந்தில் எது மிகக் குறைவோ அதுவே மொத்த மதிப்பெண். என்ன விலை கொடுத்து வாங்கினாலும் சுழலும் டிஸ்க்குக்கு 5.9க்கு மேல் கிடையாது. (தீர்த்தமலை மேல் தீர்த்தங்கள் ஐந்து இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தேடிப் பார்த்தோம். இல்லை.)

வெயிலையும் சேர்க்க வேண்டும். சித்திரையில் சிபியு பெட்டிக்குப் பழைய புடவைத் துணியில் உறை தைத்துப் போட்டு, அதை எடுக்காமலே ஆன் செய்யும் வீடுகள் உண்டு. சூடு ஏறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஃபேனில் ஒட்டியிருக்கும் தூசியை ஆயுத பூஜைக்கு முதல் நாள் துடைப்பது இவ்வட்டாரத்தின் ஒரே முறையான பராமரிப்பு. சந்தனம், குங்குமம், பொரிகடலை எல்லாம் ஆனபின் மறுநாள் கணினி வேகமாக ஓடுவதாகப் பலர் சாட்சி சொல்கிறார்கள். அது மெய்யே. தூசி போனதற்கான பெருமையைக் குங்குமம் வாங்கிக்கொள்கிறது.

எஃபெக்ட் எடுத்தபின் நிகழ்வது

‘அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ என்ற வட்டத்தை அழுத்தினால், கீழே உள்ள கட்டங்களில் இருந்த டிக் எல்லாம் ஒரே அடியில் உதிர்கின்றன. அவற்றுள் எழுத்தின் ஓரங்களை மழுமழுப்பாக்கும் கட்டமும் ஒன்று. ஆங்கிலம் ஒருவாறு தாங்கும். வளைவும் சுழியுமான தமிழ் தாங்காது. ஞவும் ணையும் படிக்கட்டு படிக்கட்டாகப் பிளந்து நிற்கும். ஆய்வின்போது ஒரு வீட்டில் பதிவான உரையாடல்:

“டேய், என்னடா பண்ணி வெச்சிருக்க? பேப்பர் படிக்கலாம்னு பாத்தா எழுத்தெல்லாம் ஒடஞ்சு கெடக்குது.”

“ஸ்பீடு பண்ணியிருக்கேம்மா.”

“படிக்க முடியாத ஸ்பீடு எதுக்குடா?”

அம்மாவின் கருத்தே இவ்வாய்வின் கருத்து. எஃபெக்ட் எடுத்துத்தான் தீர்வேன் என்பவர் மூன்று டிக்குகளை மட்டும் விட்டுவைக்கட்டும்: எழுத்தின் ஓரம், போட்டோக்களின் சிறு உருவம், ஐகான் பெயரின் நிழல். போட்டோவின் சிறு உருவம் போனால் வளைகாப்புப் படத்தைத் தேட ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். மிச்சம் பிடித்த வேகம் முழுதும் அங்கே செலவாகிவிடும்.

இன்னொரு கூட்டத்தார் ரெஜிஸ்ட்ரிக்குள் புகுந்து ‘மெனு ஷோ டிலே’ என்பதைப் பூஜ்யமாக்குகிறார்கள். அதன் இயல்பான அளவு 400 மில்லிவினாடி. மவுஸ் மேலே போகிற வழியில் படும் மெனுவெல்லாம் திறந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே வைத்த தாமதம் அது. எடுத்தவுடன் “சிஸ்டம் பறக்குதுடா!” என்ற குரல் எழுகிறது. கணினி ஓர் அணுவளவும் வேகமாகவில்லை. வெறுமனே காத்திருப்பதை நிறுத்தியிருக்கிறது. பரீட்சை முடிவு வரும் காலையில் இணையதளம் திணறும்போதும் நம் வீடுகளில் “சிஸ்டம் ஸ்லோ” என்றே சொல்லப்படுகிறது. டெஸ்க்டாப்புக்குப் போய் ரெஃப்ரெஷும் கொடுக்கப்படுகிறது.

கருதுகோளின் இரண்டாம் பாதி

அப்படியானால் ரெஃப்ரெஷ் எதற்கு? அது மருந்தன்று, நாடி பார்ப்பது. கணினி சும்மா இருந்தால் ஐகான்கள் சட்டென்று சிமிட்டும். உள்ளே ஆன்டிவைரஸும் அப்டேட்டும் டிஸ்க்கைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தால் ஒவ்வொன்றாக, சோம்பலாக வரும். “இன்னும் செட் ஆகல, இருப்பா” என்று அப்பா சொல்வது இதைக் கண்டுதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் 100 சதவீதம் என்று படித்து ஒரு பொறியாளர் அறிவதை, அவர் இரண்டு கிளிக்கில் அறிகிறார்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆன் செய்த முதல் ஓரிரு நிமிடங்களில்தான் நெரிசல் அதிகம். ரெஃப்ரெஷ் கொடுத்துக்கொண்டே இருந்தால் அந்நிமிடங்கள் கடந்துவிடும். நான்கு முறை கொடுத்தபின் வேகமாகிறது என்ற சாட்சியம் பொய்யில்லை. நான்கு முறை கொட்டாவி விட்டிருந்தாலும் வேகமாகியிருக்கும் என்பது மட்டுமே இவ்வாய்வு சேர்க்கும் குறிப்பு.

உலகமும் இதை ஏற்றது. 2021 ஜூன் இறுதியில் விண்டோஸ் 11இன் முதல் முன்னோட்டப் பதிப்பு வந்தபோது, ரெஃப்ரெஷை மேல் பட்டியலிலிருந்து எடுத்து உள் பட்டியலில் ஒளித்து வைத்திருந்தார்கள். ஜூலையிலேயே மைக்ரோசாஃப்ட் அதை மேலே கொண்டுவந்து வைத்தது. அரூரிலிருந்து தந்தி போனதாகச் சான்று இல்லை.

அலைபேசியை விலக்கியது, அங்கே டெஸ்க்டாப்பும் ரெஃப்ரெஷும் இல்லாததால். ஆனால் ஆய்வுக்கு இடம் நிறைய உண்டு. ஆண்ட்ராய்டில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன் திறக்கும். அதில் அசைவுகளின் அளவைக் குறைக்க மூன்று வரிகள் இருக்கின்றன. அவற்றில் 1 என்றிருப்பதை அரையாக்கினால் எல்லாம் இரு மடங்கு சுறுசுறுப்பாகத் தோன்றும். எங்கள் தெருவில் ஒன்பதாவது படிக்கும் ஒருவன் தன் பாட்டியின் போனில் மூன்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டான். தொட்டதும் திரை வழுக்காமல் சட்டென்று மாறவே, எதைத் தொட்டோம், எங்கே வந்தோம் என்று புரியாமல், போன் கெட்டுவிட்டது என்று பாட்டி அதை சர்வீஸ் கடைக்குக் கொடுத்துவிட்டார்.