ரிவெட்டை நீட்டுற மெஷின்

பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் ஹாங்கருக்கு ஒருவராவது இப்படி இருப்பார்: சீனியர் ரிவெட்டர். 1940-ல் வால்சந்த் ஹீராசந்த் தொழிற்சாலையைத் தொடங்கியபோது அஸ்திவாரத்தோடு இவரையும் நட்டுவிட்டார்களோ என்று தோன்றும். வீடு அல்சூரில், பேச்சில் தமிழும் கன்னடமும் சரிபாதி. முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு கிடையாது. தொழிலுக்கு அதுதான் மூலதனம்.

புது அப்ரெண்டிஸ் வந்தால் அவருக்குத் தீபாவளி. "தம்பி, ரிவெட் குட்டையாப் போச்சு. ஸ்டோர்ல போய் ரிவெட்டை நீட்டுற மெஷினை வாங்கிட்டு வா" என்பார். ஸ்டோர்கீப்பர் பையனை ஏற இறங்கப் பார்த்து, "அது பெயிண்ட் ஷாப்புக்குப் போயிருக்கே" என்பார். பெயிண்ட் ஷாப்காரர் ஜிக் ஷாப்பைக் கைகாட்டுவார். இலாகாக்கள் சண்டையில்லாமல் ஒத்துழைப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். பையன் வெறுங்கையோடு திரும்புவதற்குள் எல்லாருக்கும் அவனைத் தெரிந்துவிடும். எந்த ஷாப் எங்கே என்று அவனுக்கும் தெரிந்துவிடும்.

மறுவாரம் அவன் டிபன் பாக்ஸ் பெஞ்சோடு ஒட்டிக்கிடக்கும். நாலு மூலையிலும் நாலு ரிவெட், இன்ஸ்பெக்டரே பாஸ் போடும் சுத்தம். ஃபோர்மேனும் தப்ப முடியாது. டெலிபோன் ரிசீவரில் மார்க்கிங் ப்ளூ தடவியிருக்கும். மீட்டிங்கில் நீலக் காதோடு உட்கார்ந்திருப்பார்.

விமானத்திடம் மட்டும் விளையாட்டு கிடையாது. டோக்கன் கொடுத்து வாங்கிய ஸ்பேனர் ஒன்று கணக்கில் குறைந்தால், டார்ச்சோடு இறக்கைக்குள் முதலில் தவழ்வது இவர்தான். ரிவெட் அடிக்கும்போது வெளியே கன் பிடிப்பவருக்கு உள்ளே டாலி என்கிற தாங்குகட்டையைப் பிடிப்பவன் முகம் தெரியாது. தகட்டில் அவன் தட்டும் சத்தம்தான் பேச்சு. அந்தத் தட்டலில் எவனும் பொய் சொன்னதில்லை.

செய்த வினைக்குப் பலனும் ஹாங்கரிலேயே கிடைக்கும். "தம்பி, ஓடு, பிரிட்ஜ்ல ரிவெட் இருக்கு, எடுத்துட்டு வா" என்பார் ஒருநாள். பையன் நகரமாட்டான். "ரிவெட்டுக்குக் காய்ச்சலாண்ணே?" என்பான். ஆனால் இது நிஜம். சிலவகை அலுமினியக் கலவை ரிவெட்டைச் சூடேற்றி, தண்ணீரில் முக்கி, உறைகுளிரில் வைத்திருப்பார்கள். வெளியே எடுத்தால் 10, 20 நிமிடத்தில் அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும். அவர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்வார். "வேணும்னா ஸ்டோர்கீப்பரைக் கேளு" என்பார். அதைக் கேட்டதும் பையன் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொள்வான்.

கடைசியில், ஓய்வுபெற இரண்டே வருஷம் பாக்கியுள்ள மனிதர், ஐஸ் ரிவெட் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவருவார். ஹாங்கரே கைதட்டும்.