மார்க்கர் அண்ணன்

கேள்வி: எஸ்.ஓ.பி.யை (வேலைமுறைத் தாளை) இனி ஏ.ஐ.யும் படிக்கப்போகிறதாம். மனுஷனுக்கு ஒன்று, மெஷினுக்கு ஒன்று என்று இரண்டு எழுதணுமா?
– லைன் லீடர் ஒருவர், சுங்குவார்சத்திரம்

பதில்: இரண்டு எழுதினால் ஒன்றைத்தான் திருத்துவீர்கள், மற்றது பழசாகவே கிடக்கும். லைனில் தொங்குகிற லேமினேட் தாளைப் பாருங்கள். 'ஸ்குரூவைப் போதுமான அளவு இறுக்கவும்' என்று அச்சில் இருக்கும். ஓரத்தில் யாரோ ஒரு அண்ணன் மார்க்கரில் '6 நியூட்டன் மீட்டர்' என்று கிறுக்கியிருப்பார். கம்பெனியின் அறிவு முழுக்க அந்த மார்க்கரில்தான்! 'போதுமான' என்றால் எவ்வளவு என்று புதுப் பையன் பக்கத்து ஸ்டேஷனில் கேட்பான். ஏ.ஐ. பெரும்பாலும் கேட்காது, தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு தைரியமாகச் சொல்லும். ஆகவே எண்ணைப் போடுங்கள். ஏன் அந்த எண் என்று ஒரு வரி, தாளுக்கு ஒரு தேதி.

சாஃப்ட்வேர்காரர்கள் 2025-ல் 'ஏஜென்ட்ஸ்.எம்டி' என்றொரு கோப்பைக் கொண்டுவந்தார்கள். மனிதர் படிக்க 'ரீட்மி' கோப்பு இருப்பதுபோல, ஏ.ஐ. படிக்க இது. அப்படித் தனிக்குறிப்பு இருக்கட்டும். ஆனால் முதல் தாளில் உள்ளதையே அதிலும் எழுதாதீர்கள். கூறியது கூறல், நன்னூலில் பவணந்தியார் சொன்ன பத்துக் குற்றங்களில் ஒன்று. 13-ஆம் நூற்றாண்டு ஆடிட்டர் அவர்! மாறுகொளக் கூறலும் அதில் உண்டு. 3-ஆம் பக்கத்தில் 'கையுறை அணியவும்', 9-ஆம் பக்கத்தில் 'வெறுங்கையால் தொட்டுப் பார்க்கவும்' என்றிருந்தால் நாம் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். ஏ.ஐ.க்கு இரண்டும் வேதவாக்கு.

முதல் வேலையாக, கான்ட்ராக்ட் முடிந்து கிளம்புவதற்குள் அந்த மார்க்கர் அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக்கொடுங்கள்.