அத்தை வீட்டுக்குப் போகாவிட்டால் தண்டனை உண்டா?

கேள்வி: நாலு நாள் லீவில் அப்பா, அம்மாவைப் பார்க்கத் தென்காசி போகிறேன். அத்தை, சித்தப்பா, பெரியம்மா என்று எல்லார் வீட்டுக்கும் போய்த் தலைகாட்டச் சொல்கிறாள் அம்மா. பெற்றவர்களோடு எப்போது உட்கார்ந்து பேசுவது?
- தாம்பரம் வாசகர்

பதில்: முதலில் பொதிகை ரயிலில் இடம் கிடைத்ததா? 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு; அதற்கு முன் 120 நாள் இருந்தது. முதியோருக்கான ரயில் கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சோடு போயிற்று. ஆக, அவர்கள் சென்னை வருவதைவிட நீங்கள் போவதே சிக்கனம்.

சொந்தக்காரர் வீடுகளுக்குத் தனியாகப் போகாதீர்கள். பெற்றோரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொள்ளுங்கள். முழங்கால் வலியால் தங்கை வீட்டுக்கே போகாமல் கிடக்கும் உங்கள் அப்பாவுக்கு அதுதான் திருவிழா. ஆட்டோவில் அம்மா பேசுவதை வீட்டில் பேசமாட்டார். அங்கே சீரியல் ஓடும். எந்த வீட்டிலும் கலரோ காபியோ வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த கல்யாணம் வரை அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

போனில் "நல்லாருக்கோம்ப்பா" என்பதை நம்பவேண்டாம். மாத்திரை அட்டையைப் புரட்டுங்கள், பாதி பிரிக்காமல் இருக்கும். இதற்குக் கட்டாயம் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

பெற்றோரைக் கைவிட்டால் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதம் வரை சிறை உண்டு. அத்தை வீட்டுக்குப் போகாததற்கு அதில் தண்டனை ஏதும் இல்லை. அதை அத்தையே பார்த்துக்கொள்வார்.